புது டேப்லெட்டில் தமிழ் நூல் படிக்க: எந்தச் செயலி, என்ன அமைப்பு?

பூவரசு கேட்டது:

வீட்டுக்கு 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட் வாங்கியிருக்கிறோம். ஆண்ட்ராய்டு 14, 6 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. இடம். மெமரி கார்டு போடலாம். பெட்டியில் பேனா இல்லை. பயன்படுத்தப்போவது மூன்று பேர்.

எனக்கு வேண்டியது பழைய நூல்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கைத் தமிழ் நூல்களைத் தரும் ‘நூலகம்’ என்ற தளத்திலும் இருந்து ஸ்கேன் பி.டி.எஃப். இறக்குகிறேன். கூடவே வந்த செயலியில் திறந்தால் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறது. பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டியிருக்கிறது. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்து இபப் (மின்னூல் வடிவம்) கோப்புகளில் வேறு சிக்கல்: ஒரு செயலியில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

மாமனாருக்கு 74 வயது. நூலை வாய்விட்டு வாசித்துக் காட்டும் வசதி வேண்டும். மகன் 9ஆம் வகுப்பு, பாடநூலில் குறிப்பு எழுத வேண்டும்.

விளம்பரம் இல்லாத, கூடியவரை இலவசமான செயலிகளாகச் சொல்லுங்கள். நீண்ட பட்டியல் வேண்டாம். நான்கைந்து போதும், ஆனால் எந்த அமைப்பை எங்கே மாற்றுவது என்பதோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

---

ஏட்டுச்சுவடி:

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் எழுத்து ஏன் பொடியாகிறது என்பதும் புரியும்.

11 அங்குலம், 16:10 விகிதம் என்றால் நிமிர்த்திப் பிடிக்கும்போது திரையின் அகலம் 14.8 செ.மீ., உயரம் 23.7 செ.மீ. நம் பதிப்பகங்களின் டெம்மி அளவு நூல் சுமார் 14 × 21.5 செ.மீ. அதாவது டெம்மி நூல் இந்தத் திரையில் அச்சில் இருந்த அதே அளவில் அடங்கும். கிரௌன் அளவு நூலென்றால் அச்சைவிடப் பெரிதாகவே தெரியும். ஆகவே திரை போதாது என்பதல்ல குறை. ஸ்கேன் செய்யும்போது நூலைச் சுற்றி விட்ட வெற்றிடமும், ஏ4 சட்டத்துக்குள் நூலை வைத்துச் சேமித்த பழக்கமும்தான் குறை.

ஏ4 பக்கத்தின் அகலம் 21 செ.மீ. அதை 14.8க்குள் அடக்கினால் எல்லாம் 70 விழுக்காடாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 8.4 புள்ளியாகிவிடும். பக்கத்துக்கு 2.5 செ.மீ. ஓரத்தை இருபுறமும் வெட்டிவிட்டால் எழுத்துள்ள பகுதி 16 செ.மீ. மட்டுமே. அப்போது 12 புள்ளி எழுத்து 11 புள்ளி அளவில் நிற்கும். ஓரத்தை வெட்டுவதிலேயே வேலை முடிந்துவிடுகிறது.

இதற்கு என் தேர்வு கேஓரீடர். திறந்த மூலம், விளம்பரம் கிடையாது. எஃப்-டிராய்டு களஞ்சியத்திலோ அவர்களுடைய கிட்ஹப் பக்கத்திலோ கிடைக்கும். கிட்ஹப்பில் எடுத்தால் ஆர்ம்64 என்று பெயரில் உள்ள கோப்பை எடுங்கள். நிறுவும்போது, இந்த உலாவியிலிருந்து செயலி நிறுவ அனுமதிக்கலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும். அனுமதி கொடுத்து நிறுவி முடித்ததும் அதைத் திரும்ப அணைத்துவிடுங்கள். முதல்முறை திறக்கும்போது எல்லாக் கோப்புகளையும் பார்க்கும் அனுமதியும் கேட்கும். அது இல்லாமல் உங்கள் நூல் கோப்புறையை அதனால் பார்க்க முடியாது.

பி.டி.எஃப். திறந்த பிறகு திரையின் அடிப்பகுதியைத் தொட்டால் ஒரு பலகை எழும்பும். அதில் ‘பேஜ் கிராப்’ என்ற வரி இருக்கும். முதலில் ‘ஆட்டோ’ வைத்துப் பாருங்கள். சுத்தமான ஸ்கேனுக்கு அதுவே போதும். ஓரத்தில் கறை, நூலக முத்திரை, தைத்த பக்கத்தின் கறுப்பு நிழல் இருந்தால் அதையும் எழுத்தென்று எண்ணி வெட்டாமல் விட்டுவிடும். அந்த மாதிரி நூலுக்கு ‘மேனுவல்’ எடுத்து நீங்களே பெட்டி வரையுங்கள். பழுப்பேறிய தாளுக்கு அதே பலகையில் ‘கான்ட்ராஸ்ட்’ இரண்டு மூன்று படி ஏற்றினால் பழுப்பு வெளிறி எழுத்து கறுக்கும். மேலும் ஏற்றினால் புள்ளிகள் உடைய ஆரம்பிக்கும். ‘க்’கும் ‘க’வும் ஒன்றுபோலத் தெரிந்தால் ஒரு படி இறக்குங்கள்.

‘ரீஃப்ளோ’ என்றொரு வசதியும் அங்கே உண்டு. பக்கப் படத்தைச் சொல் சொல்லாக நறுக்கித் திரைக்கு ஏற்ப மறுபடி அடுக்கும். 6 அங்குலக் கருவிக்கு அது வரப்பிரசாதம், 11 அங்குலத்துக்குத் தேவையே இல்லை. செய்யுள் நூலில் அதைத் தொடவே தொடாதீர்கள். அடிகள் ஒன்றோடொன்று ஒட்டி உரைநடைபோல ஓடிவிடும். ஈயம் கோத்து அச்சிட்ட பழைய நூல்களில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி அதிகம், அங்கே ஒரே சொல்லை இரண்டாக வெட்டவும் செய்யும்.

இனி கொம்பு விஷயம். யூனிகோடில் (கருவிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியேற்றம்) ‘கெ’ என்பது ‘க’ முதலில், கொம்பு அடுத்து என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து வைப்பது எழுத்தைக் கோக்கும் மென்பொருளின் வேலை. ‘கொ’வில் கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் பிரிந்து நிற்பதும் அதே வேலைதான். அந்தக் கோவை நடக்காவிட்டால் சேமித்த வரிசையிலேயே காட்டும், நீங்கள் பார்ப்பது அதைத்தான். கோப்பில் பிழை இல்லை. கேஓரீடரில் இபப் திறந்து, கீழ்ப் பலகையில் ‘கெர்னிங்’ வரியைப் பாருங்கள். ‘பெஸ்ட்’ என்று இருந்தால்தான் முழுக் கோவை நடக்கும். ‘ஃபாஸ்ட்’, ‘குட்’ இரண்டும் ஆங்கிலத்துக்குப் போதும், தமிழுக்குப் போதாது.

எழுத்துரு பிடிக்கவில்லை என்றால் கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை இரண்டையும் இறக்கி, உள்நினைவகத்தில் இருக்கும் கேஓரீடர் கோப்புறைக்குள் ‘ஃபாண்ட்ஸ்’ என்ற உட்கோப்புறையில் போட்டுச் செயலியை மறுபடி திறங்கள். தேர்ந்தெடுத்தும் மாறவில்லையென்றால் நூலுக்குள்ளேயே எழுத்துரு பொதிந்திருக்கிறது என்று பொருள். ‘எம்பெடட் ஃபாண்ட்ஸ்’ வரியை அணையுங்கள். வரி இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக வையுங்கள். தமிழில் மேலே ‘கீ’யின் சுழியும் கீழே ‘கூ’வின் வாலும் இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு அளந்த இடைவெளியில் அவை முட்டிக்கொள்ளும். இருபுறமும் நேராக்கும் ஒழுங்கையும் எடுத்துவிடலாம். நம் நீளச் சொற்கள் அடுத்த வரிக்குத் தாவும்போது முந்தைய வரியில் பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் நேராக இருந்தால் கண்ணுக்கு இதம்.

---

செம்பருத்தி:

ஏட்டுச்சுவடி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் 74 வயதுப் பெரியவருக்குக் கேஓரீடரைக் கொடுக்காதீர்கள். அதன் பட்டியல்கள் அடர்த்தி. கை தவறி ஓரத்தில் பட்டால் எதையாவது மாற்றிவிடும், பழையபடி கொண்டுவர அவருக்குத் தெரியாது.

அவருக்கு ரீட்எரா. ப்ளே ஸ்டோரில் இருக்கிறது, விளம்பரம் இல்லை, கணக்கு தொடங்கச் சொல்லாது. கருவியில் இருக்கும் நூல்களைத் தானே தேடி அட்டைப் படத்தோடு அடுக்கி வைக்கும். விட்ட பக்கத்திலேயே திறக்கும். பி.டி.எஃப். ஓரத்தை இதிலும் வெட்டலாம். இரண்டு பக்கங்களைச் சேர்த்து ஒரே படமாக ஸ்கேன் செய்த நூல்கள் நிறைய உண்டு அல்லவா, அவற்றுக்கு ‘சிங்கிள் காலம்’ முறையைப் போட்டால் ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துக் காட்டும். அந்த ஒன்றுக்காகவே நான் இதை வைத்திருக்கச் சொல்வேன்.

வாசித்துக் காட்டுவதற்குச் செயலியைவிட முக்கியம் குரல். செட்டிங்ஸில் ‘டெக்ஸ்ட் டு ஸ்பீச்’ என்று தேடுங்கள். கூகுளின் பேச்சுச் சேவை தேர்வாகியிருக்க வேண்டும். பக்கத்தில் உள்ள பல்சக்கரத்தைத் தொட்டு, ‘இன்ஸ்டால் வாய்ஸ் டேட்டா’வில் தமிழ் (இந்தியா) குரலை இறக்கிவிடுங்கள். இறக்காமல் விட்டால் வைஃபை போன நேரத்தில் குரலும் போய்விடும். மொழி என்ற இடத்திலும் தமிழையே வையுங்கள். கருவி மொழி ஆங்கிலமாக இருந்து இதை மாற்றாமல் விட்டால் சில செயலிகள் ஆங்கிலக் குரலைக் கூப்பிடும், அது தமிழ் எழுத்துகளைத் தாண்டிக்கொண்டு எண்களை மட்டும் வாசிக்கும். வேகத்தை இயல்பு நிலையிலிருந்து சற்றுக் குறையுங்கள். முதியவர்களுக்கு அதுதான் காதில் விழும்.

இரவில் படிப்பாரென்றால் ‘அக்சஸிபிலிட்டி’யில் ‘எக்ஸ்ட்ரா டிம்’ இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் வந்த வசதி. வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்த பிறகும் கண் கூசினால் இது அதற்கும் கீழே இறக்கும். தனிச் செயலி எதுவும் போட வேண்டாம்.

இன்னொன்று, மூன்று பேருக்கு ஒரே கணக்கு வேண்டாம். செட்டிங்ஸ், சிஸ்டம், ‘யூசர்ஸ்’ என்று போனால் தனித்தனிப் பயனர் சேர்க்கலாம் (சில நிறுவனங்கள் இதை எடுத்துவிடுகின்றன, உங்களுடையதில் இருக்கிறதா என்று பாருங்கள்). செயலி ஒருமுறை நிறுவினால் அந்தக் கோப்பு எல்லோருக்கும் பொது, தரவு மட்டும் தனி. ஆனால் ஒருவர் உள்நினைவகத்தில் இறக்கிய நூல் மற்றவருக்குத் தெரியாது. ஒரே நூலை மூவரும் இறக்கினால் மூன்று மடங்கு இடம் போகும்.

---

கரிசல்:

மெமரி கார்டு வாங்கும்போது மேலே ஏ1 குறி (வேகத்துக்கான தரக்குறி) இருக்கிறதா பாருங்கள். விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் கொள்ளளவு பொய்யாக இருக்கும். 512 என்று காட்டிவிட்டு உள்ளே 32 ஜி.பி.தான் இருக்கும், அதற்கு மேல் எழுதியது எல்லாம் கெட்டுப்போகும். விண்டோஸ் கணினியில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில் எஃப்3. இரண்டில் ஒன்றால் கார்டு முழுவதும் எழுதிப் படித்துச் சோதித்த பிறகே நூல்களை ஏற்றுங்கள். எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பும் ஏறாது.

கணினியிலிருந்து கோப்பு அனுப்ப லோக்கல்சென்ட் என்ற செயலி போதும். இரண்டிலும் நிறுவி, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் சரி. இணையம் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. கருவி தெரியவில்லை என்றால் பெரும்பாலும் கணினியின் ஃபயர்வால்தான் மறிக்கிறது. வைஃபையை ‘பிரைவேட்’ என்று மாற்றிவிட்டுப் பாருங்கள். விருந்தினர் வைஃபையில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்கவே பார்க்காது.

---

பூவரசு:

கெர்னிங்கை மாற்றியதும் கொம்பு சரியாகிவிட்டது, மிக்க நன்றி. ஓரம் வெட்டிய பிறகு எழுத்தும் நன்றாகத் தெரிகிறது.

இரண்டு கேள்விகள். மின்னூலகத்தில் எடுத்த நூலை ரீட்எராவில் வாசிக்கச் சொன்னால் பேசாமல் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போகிறது. தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து எடுத்த ஒரு பழைய கோப்பில் எழுத்து தெரிகிறது, ஆனால் தேடினால் எந்தச் சொல்லும் கிடைப்பதில்லை. நகலெடுத்து ஒட்டினால் புரியாத குறிகளாக வருகிறது.

---

ஏட்டுச்சுவடி:

இரண்டும் வேறு வேறு காரணம்.

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. அப்போது யூனிகோடு பரவவில்லை, டிஸ்கி குறியேற்றத்தில்தான் கோப்புகள் வந்தன. அந்த முறையில் பிற ஐரோப்பிய மொழிக் குறிகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் வடிவங்களை எழுத்துருவே வரைந்து காட்டும். கண்ணுக்குத் தமிழ், கருவிக்கு வேறு ஏதோ குறிகள். தேடல், நகலெடுப்பு, குரல் மூன்றும் அங்கே வேலை செய்யாது. அதே நூலின் யூனிகோடு வடிவம் தளத்தில் இருந்தால் அதை எடுங்கள். பாமினி எழுத்துருவில் செய்த பி.டி.எஃப்.களிலும் இதே கதைதான், இலங்கைப் பதிப்புகளில் அது நிறைய.

மின்னூலகக் கோப்பில் எழுத்தே இல்லை. பக்கத்தின் புகைப்படம் மட்டும்தான். அதிலிருந்து எழுத்தை எடுக்க ஓ.சி.ஆர். (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) வேண்டும். தமிழுக்குக் காசில்லாமல் நம்பிச் செய்யக்கூடியது கூகுள் டிரைவ். ஆனால் டிரைவ் செயலியில் அந்த வசதி இல்லை. குரோமில் டிரைவ் தளத்தைத் திறந்து, மூன்று புள்ளிப் பட்டியலில் ‘டெஸ்க்டாப் சைட்’ போடுங்கள். கோப்பை ஏற்றி, அதன் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில் ‘ஓப்பன் வித்’, பிறகு ‘கூகுள் டாக்ஸ்’. சற்று நேரம் எடுக்கும். பக்கப் படமும் அதன் கீழே எழுத்துமாக ஒரு டாக்ஸ் கோப்பு உருவாகும். அதை இபப் வடிவில் இறக்கும் வழி டாக்ஸின் ‘டவுன்லோட்’ பட்டியலிலேயே உண்டு. அந்த இபப்பை ரீட்எராவில் திறந்தால் வாசிக்கும்.

சிக்கல் அளவில்தான். 2 எம்.பி.க்குள் இருக்க வேண்டும் என்பது கூகுள் தரும் வழிகாட்டல். முழு நூலையும் ஒரே மூச்சில் ஏற்றினால் பாதியில் நின்றுவிடும், அல்லது முதல் சில பக்கங்களுக்கு மட்டும் எழுத்து வரும். நூலை நறுக்கத் தனிச் செயலி வேண்டாம். பி.டி.எஃப். பார்க்கும் செயலியில் ‘பிரிண்ட்’ கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதில் ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ தேர்ந்து, பக்க எல்லையில் 1-10 என்று போடுங்கள். அடுத்து 11-20. சேமித்த துண்டின் அளவைப் பார்த்துவிட்டு, பெரிதாக இருந்தால் ஐந்தைந்து பக்கமாக்குங்கள்.

பிழை எங்கே வரும் என்று தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது. துணைக்காலும் ‘ர’வும் இடம் மாறும். ‘மரம்’ என்பது ‘மாம்’ ஆகும். மங்கிய அச்சில் புள்ளி விழுந்துபோகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய நூல்களில் ‘ணை, லை, ளை, னை’ நான்கும் யானைத் துதிக்கை வளைந்த பழைய வடிவில் இருக்கும். ‘றா, ணா, னா’ மூன்றும் சுழித்திருக்கும். அந்த இடங்களில் தடுமாற்றம் அதிகம். ஒரே மாதிரியாகத் தப்பாகும் சொற்களை டாக்ஸிலேயே ‘ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்’ போட்டு மொத்தமாக மாற்றலாம். ஆனால் ‘மாம்’ போன்றதை மொத்தமாக மாற்றாதீர்கள், ‘மாம்பழம்’ ‘மரம்பழம்’ ஆகிவிடும்.

மாமனாருக்காகத்தான் என்றால் இவ்வளவு பாடுபடும் முன்பு அதே நூல் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸிலோ மதுரைத் திட்டத்திலோ யூனிகோடில் இருக்கிறதா என்று தேடிவிடுங்கள். நாட்டுடைமையான எழுத்தாளர்கள் என்றால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

---

தாளம்பூ:

பேனாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

பேனாவில் இரண்டு இனம். ஒன்று விரலுக்குப் பதிலாகத் திரையைத் தொடும் சாதாரணப் பேனா: ரப்பர் நுனி, அல்லது சிறு பிளாஸ்டிக் தட்டு. எந்தத் திரையிலும் எழுதும், ஆனால் அழுத்தம் தெரியாது, உள்ளங்கையை விரலென்று எண்ணிக் கிறுக்கும். மற்றது கருவிக்கென்றே செய்த பேனா. சாம்சங்கின் எஸ் பென் மின்கலமே இல்லாமல் இயங்குவது, திரைக்கு அடியில் அதற்கான தகடு இருக்கும் மாடலில் மட்டும் எழுதும். ஒரே நிறுவனத்தின் எல்லா டேப்லெட்டிலும் அந்தத் தகடு இருக்காது. மற்ற நிறுவனங்கள் தங்கள் மாடலுக்கென்று தனிப் பேனா விற்கின்றன. கடையில் மலிவாகத் தொங்கும் ‘உள்ளங்கை படாது’ என்று எழுதிய பேனாக்கள் பெரும்பாலும் ஐபேடுக்கானவை, ஆண்ட்ராய்டில் அவை கோடே போடாது. உங்கள் மாடலின் பெயரைப் பேனாவின் பொருந்தும் பட்டியலில் பார்த்த பிறகே காசு கொடுங்கள். அந்த மாடலுக்குப் பேனாவே இல்லை என்றால் சாதாரணப் பேனாவோடு திருப்திப்பட வேண்டியதுதான். அப்போது செயலியில் விரல் தொடுகையை எழுத்தாக எடுக்கும் தேர்வை இயக்க வேண்டியிருக்கும்.

எழுத, திறந்த மூலத்தில் சேபர். பி.டி.எஃப். பாடநூலை அதற்குள் இறக்கி மேலேயே எழுதலாம், எழுதியதைப் பி.டி.எஃப். ஆகவே வெளியே எடுக்கலாம். சாம்சங் கருவி என்றால் கூடவே வரும் சாம்சங் நோட்ஸ் இன்னும் வேகம். எதில் எழுதினாலும் முழுப் பாடநூலையும் ஒரே குறிப்பாக இறக்காதீர்கள், நூறு பக்கம் தாண்டினால் புரட்டும்போது திணறும். மேலே ஏட்டுச்சுவடி சொன்ன ‘சேவ் ஆஸ் பி.டி.எஃப்.’ வழியில் பாடம் பாடமாகப் பிரித்துவிடுங்கள்.

பாதித் திரையில் பாடநூல், பாதியில் குறிப்பு என்று வைக்க ஆசை வரும். 11 அங்குலத்தைக் கிடைமட்டமாக வைத்தால் அகலம் 23.7 செ.மீ., பாதி 11.8. ஏ4 அளவுப் பாடநூல் அதில் 56 விழுக்காடாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து 7 புள்ளிக்கும் கீழே. பையன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பான். ஓரம் வெட்டி, நடுக்கோட்டை இழுத்து நூலுக்கு மூன்றில் இரண்டு பங்கு கொடுங்கள். கீழே இருக்கும் பணிப்பட்டையிலிருந்து செயலிச் சின்னத்தை இழுத்து ஓரத்தில் விட்டாலே திரை பிரியும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் கியூஆர் குறிகள் இருக்கின்றன, திக்‌ஷா செயலியில் அவற்றுக்கான காணொளி வரும். ஆனால் நூலே டேப்லெட்டுக்குள் இருக்கும்போது கேமராவால் எப்படி ஸ்கேன் செய்வது? அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், கூகுள் ஃபோட்டோஸில் திறந்து லென்ஸ் சின்னத்தைத் தொடுங்கள். குறியைப் படித்து இணைப்பைக் காட்டும், அதைத் தொட்டால் போதும்.

---

உப்பளம்:

தட்டச்சுக்கு ஒரு வார்த்தை. அகலத் திரையில் கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டு முழு அகலத்துக்கும் விரிந்து கட்டைவிரல் எட்டாது. மேலே நான்கு கட்டச் சின்னத்தைத் தொட்டு ‘ஃப்ளோட்டிங்’ ஆக்கினால் கைபேசி அளவில் சுருங்கி, நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். பெரியவருக்குத் தமிழ் மொழியில் ‘ஹேண்ட்ரைட்டிங்’ அமைப்பைச் சேர்த்துக் கொடுங்கள். விரலால் எழுதினால் எழுத்தாகும். எழுதித் தேடுவதற்கு அது போதும்.

மகன் தமிழில் நிறைய அடிப்பான் என்றால் இப்போதே தமிழ்99 விசைப்பலகை அமைப்பைப் பழக்குங்கள். செல்லினம் செயலியில் இருக்கிறது, இண்டிக் கீபோர்டிலும் இருக்கிறது. இடக்கையில் உயிர், வலக்கையில் மெய். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ. இரண்டு ‘ம’ அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானே விழும். ‘தங்கம்’ அடிக்கும்போது ‘ங’வுக்கு அடுத்து ‘க’ வந்தால் ‘ங்’ ஆகிவிடும். புள்ளிக்கென்று தனியாகத் தட்டுவது வெகு குறைவு. ஆங்கில எழுத்தில் அடிக்கும் ஒலிபெயர்ப்பில் பழகிவிட்டால் ல, ள, ழ குழப்பம் கையிலேயே ஒட்டிக்கொள்ளும்.

---

கரிசல்:

ஒன்றை விட்டுவிட்டேன். கிவிக்ஸ். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி இணையம் இல்லாமல் படிக்கலாம். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது, இப்போது ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கும் மேல். கோப்பு மூன்று வகை: ‘மேக்சி’ என்றால் படங்களோடு, ‘நோபிக்’ என்றால் எழுத்து மட்டும், ‘மினி’ என்றால் ஒவ்வொரு கட்டுரையின் முகப்பு மட்டும். பள்ளிப் பிள்ளைக்கு ‘மேக்சி’ எடுங்கள். இடமும் இருக்கிறது. விக்சனரி கோப்பையும் சேர்த்தால் அகராதியும் கைவசம். ப்ளே ஸ்டோர் பதிப்பு செயலிக்குள்ளேயே இறக்க வசதியானது. கணினியில் இறக்கிக் கார்டில் போட்டுத் திறக்கப்போகிறீர்கள் என்றால் கிவிக்ஸ் தளத்திலிருந்து நேரே எடுக்கும் பதிப்பை நிறுவுங்கள், கோப்பு அனுமதியில் மல்லுக்கட்ட வேண்டியிருக்காது.

---

பூவரசு:

அனைவருக்கும் நன்றி. தனிப் பயனர் வசதி இருக்கிறது, மூன்றாகப் பிரித்துவிட்டேன். கடைசியாக ஒன்று: கேஓரீடரில் ‘மேனுவல்’ வெட்டு போட்டால் ஒரு பக்கம் சரியாக வருகிறது, அடுத்த பக்கத்தில் வரியின் முதல் எழுத்து வெட்டுப்படுகிறது. மூன்றாவது பக்கம் மறுபடி சரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக வெட்ட வேண்டுமா?

---

ஏட்டுச்சுவடி:

வேண்டாம். தைத்த நூலில் இடப்பக்கத்துக்கு வலது ஓரம் அகலம், வலப்பக்கத்துக்கு இடது ஓரம் அகலம். அதனால்தான் ஒன்று விட்டு ஒன்று தப்புகிறது. கேஓரீடர் ஒற்றைப்படைப் பக்கங்களுக்கு ஒரு பெட்டி, இரட்டைப்படைக்கு ஒரு பெட்டி என்று தனித்தனியாக நினைவில் வைக்கும். ஏதாவது ஓர் ஒற்றைப்படைப் பக்கத்தில் ஒருமுறை, அடுத்த பக்கத்துக்குப் போய் இன்னொரு முறை ‘மேனுவல்’ எடுத்துப் பெட்டி வரையுங்கள். அட்டை, முன்னுரை பக்கங்களில் செய்யாதீர்கள், அவற்றின் ஓரம் மாறியிருக்கும். நூலின் நடுவில், வரிகள் நிறைந்த பக்கமாகப் பார்த்து, எழுத்துக்கு வெளியே ஒரு விரல்நுனி அளவு விட்டு வரையுங்கள். ஸ்கேன் செய்தவர் நூலைச் சற்றுச் சாய்த்து வைத்த பக்கங்களும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும்.